சித்தி பெண்

பன்னிரண்டு நாளும் ஐந்து மணி நேரமும் அன்னக்கொடி வாயைத் திறக்கவில்லை. திறந்தாலும் "சரி மாமி", "போதும் மாமி" இரண்டோடு சரி. கல்லூரி ஆய்வகத்தில் மாஸ்டரே கும்பிட்டுக் கேட்டாலும் பேச்சை நிறுத்தாதவள் அவள்.

எல்லாம் வில்லாபுரத்து மாடி அறையால் வந்தது. கல்லூரித் தோழி ஸ்யாமளாவுக்கும் அவளுக்கும் ஒரே பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான டீச்சர் வேலை. ஸ்யாமளாவுக்கு ஊர் பெரியகுளம். அன்னக்கொடிக்குச் செக்கானூரணிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். நாளுக்கு இரண்டே பஸ். மதுரையில் தங்க நல்ல இடம் கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு வந்துவிட வேண்டும் என்று அவள் அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஏழு வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். எட்டாவது வீட்டில் ஜகதாம்பாள் மாமி ஸ்யாமளாவிடம் குலம் கோத்திரம் விசாரித்து முகம் மலர்ந்தாள். பிறகு பக்கத்தில் நின்றவளைப் பார்த்து, "இவளும் நம்மவாதானே?" என்று கேட்டாள்.

"என் சித்தி பொண்ணு மாமி. அன்னபூரணி."

யோசிக்கும் முன்னே ஸ்யாமளாவின் வாயில் அது வந்துவிட்டது.

பேசினால் குட்டு உடைந்துவிடும் என்று அன்னக்கொடி பேச்சையே விட்டாள். மாமி அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள். அவளுக்கென்று தெளிவு ரசம் எடுத்து வைத்தாள், தலை பின்னிவிட்டாள். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், பாங்கில் வேலை பார்க்கும் தன் தங்கை மகன் வெங்கட்ரமணனுக்கு இந்தப் பெண்ணைக் கேட்கலாம் என்றிருப்பதாகச் சொல்லி, சித்தியின் விலாசம் கேட்டாள். காலையில் தருவதாகச் சொல்லிவிட்டு இருவரும் வண்டியூருக்குப் பஸ் ஏறினார்கள்.

தெப்பக்குளத்துக் கல் சுவரில் உட்கார்ந்ததும் அன்னக்கொடி சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது.

"ஏ புள்ள, மூணு வருசம் ஒரே பெஞ்சுல ஒக்காந்தோம். எங்க சாதிப் பேரை என் முன்னால ஒருக்கவாச்சும் சொல்லியிருக்கியா?"

அது மரியாதை இல்லை என்று நினைத்ததாக ஸ்யாமளா சொன்னாள். உனக்கு வலிக்குமே என்றும் சொன்னாள்.

"உன்னையத் தயிர்சாதம், அய்யரு வீட்டு அப்பளம்னு எம்புட்டுக் கேலி பண்ணியிருக்கேன். நீ திருப்பி ஒண்ணும் சொல்ல மாட்ட. எங்கய்யா வாலிப வயசுல ராத்திரியானா ஸ்டேசன்ல ரேகை வச்சுட்டு அங்கனயே படுத்தவரு. கள்ளன்னு பொறந்ததுக்கு வெள்ளக்காரன் போட்ட சட்டம். அதை அவரே எல்லார்கிட்டயும் சொல்லுவாரு. உனக்கு அந்தப் பேரு நாக்குல வரல. அப்ப நீதான எட்ட நிக்கிற?"

 ஸ்யாமளா, முதல் வருஷம் அன்னக்கொடியின் டிபன் பாக்ஸிலிருந்து முதல் கவளம் எடுத்தபோது கை நடுங்கியதைச் சொன்னாள். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"தெரியும். மருந்து முழுங்குற மாதிரி முழுங்குன."

"தெரிஞ்சும் ஏன் தினம் குடுத்தே?"

"ரெண்டாவது வாய் நீயா எடுத்தியே."

இருவரும் ஒரு பொட்டலம் கடலையைத் தின்று தீர்த்தார்கள். மாமியிடம் யார் சொல்வது என்று மட்டும் பேசவில்லை. சொன்னால் அறை போகும். அறை போனால் அன்னக்கொடிக்கு வேலையும் போகும். அதை நினைத்து ஸ்யாமளா இரவெல்லாம் புரண்டாள்.

காலையில் மாமி இன்லண்டு லெட்டரும் பேனாவுமாக மாடிக்கே வந்துவிட்டாள். கட்டிலில் உட்கார்ந்து, அன்னபூரணியின் அப்பா பெயர் என்ன என்று கேட்டாள். அன்னக்கொடி ஸ்யாமளாவைப் பார்க்கவில்லை. புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கை மட்டும் ஒரே மடிப்பைத் திரும்பத் திரும்ப நீவியது.

ஸ்யாமளா மாமியின் எதிரே தரையில் உட்கார்ந்தாள். 

"மாமி, இவ பேர் அன்னக்கொடி. அப்பா பேர் மொக்கையன். பொய் சொன்னது நான்தான். இவ என் சித்தி பொண்ணு இல்லை, என் சிநேகிதி. கள்ளர் வீட்டுப் பொண்ணு."