தலைவரின் தாடையும் பழுப்புக் குட்டியின் கழுத்தும்

அந்தப் பழுப்புக் குட்டியின் கடிவாளத்தை யார் வலிந்து இழுத்தாலும் இழுத்தவருடைய தாடைதான் போய் நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும். குதிரையின் தலை இருந்த இடத்திலேயே இருக்கும். மழைக்காலத்தில் கதவு இறுகிக்கொள்வதைப் போன்ற ஒரு தொந்தரவாகவே குதிரையேற்றப் பள்ளியில் இதை எடுத்துக்கொண்டார்கள். முதலில் மாட்டியவள் பயிற்சிக்காரி. குட்டி பிறந்தபோது கையில் ஏந்தி வாங்கியவள் அவள்தான்; மூன்று வருடம் கழித்து முதன்முதலாகச் சேணம் போட்டு ஏறியவளும் அவள்தான். முன்கோபக்காரி. திருப்பத்தில் குட்டி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று ஒரு காலையில் வெடுக்கென்று இழுத்தாள். அதற்குப் பிறகு அறுவடை முடியும்வரை அவள் பார்த்ததெல்லாம் தன் சட்டைப் பொத்தான்களைத்தான்.

அவள் புருஷன் அதே பள்ளியில் லாடம் அடிப்பவர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர். “கல்யாணத்தன்னிக்குக்கூட நீ இப்படித் தலை குனியலையேடி,” என்றார். “அன்னிக்கு உங்க மூஞ்சிய நல்லாப் பாத்துத் தொலைக்கணும்னு நிமிந்தேன். இப்ப அந்தக் கஷ்டம் இல்ல,” என்றாள் அவள், பொத்தானைப் பார்த்தபடியே. இழுக்கவேண்டும் என்ற எண்ணம் கையை விட்டு, தோளை விட்டு, கடைசியில் மனசையும் விட்டுப் போன ஒரு மதியத்தில், துணி உலர்த்திக்கொண்டிருக்கும்போதே தாடை தானாக விட்டது. அதிலிருந்து அவள் கடிவாளத்தைத் தூங்குகிற குழந்தையின் விரலைப் பிடிப்பதுபோலப் பிடிக்கத் தொடங்கினாள்.

பள்ளியின் சங்கடம் வேறு. அதன் வாசல் பலகையில் ஒரு குதிரை வரையப்பட்டிருந்தது. கழுத்து வில்லாக வளைந்து, மோவாய் மார்பைத் தொடும். பலகை நீளம் போதாததால் ஓவியர் கழுத்தை மடக்கிவிட்டார், அவ்வளவுதான். ஆனால் பலகையை மாட்டி வருடங்கள் ஆகிவிட்டன. மாட்டியவர்கள் போய், பார்த்தே வளர்ந்தவர்கள் பொறுப்புக்கு வந்திருந்தார்கள். அவர்களுக்கு அதுவே முறையான நடை. அந்த மாதிரி மடங்காத கழுத்து எல்லாம் முரட்டுக் கழுத்து. “ஆண்டு விழா ஊர்வலத்துல நான் இந்தக் குட்டி மேலதான் வரப்போறேன். பலகையில இருக்கற மாதிரி தலை வளையணும். வளையலைன்னா மணல் வண்டிக்காரர் ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டிருக்கார், கொடுத்துடலாம்,” என்றார் பள்ளியின் தலைவர். அவருடைய மச்சினரும் பள்ளியின் செயலாளருமானவர் பக்கத்திலிருந்து, “நியாயமான பேச்சு அத்தான்,” என்றார். அத்தான் தும்மினாலும் அவருக்கு அது நியாயமான தும்மல்தான்.

பயிற்சிக்காரி சொல்லிப் பார்த்தாள். “கழுத்த நாம வளைக்கக் கூடாதுங்க ஐயா. பின்னங்கால் வயித்துக்கடியில வந்து பாரத்த வாங்கணும். அப்ப முதுகு எழும்பும். முதுகு எழும்புனா கழுத்து தானா வளையும். தன்னைத் தானே சுமக்கணும், அதுக்கு நாளாகும்.” தலைவர் சிரித்தார். “தன்னைத் தானே சுமக்கறதுக்கு எதுக்கும்மா குதிரை? என்னைச் சுமக்கச் சொல்லு.”

ஊர்வலத்தன்று வெயில் சுள்ளென்று அடித்தது. தலைவர் பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டும் விறைத்த தொப்பியுமாக ஏறி உட்கார்ந்தார். “இழுக்காதீங்க ஐயா, இழுத்தா உங்க தலைதான் குனியும்,” என்று பயிற்சிக்காரி கடைசியாக ஒருமுறை சொன்னாள். கூட்டம் கூடியிருந்த முச்சந்திக்கு வந்ததும் அவர் இரண்டு கையாலும் இழுத்தார். குட்டி காதை ஆட்டிவிட்டு நேராகப் பார்த்து நடந்தது. தலைவரின் தாடை நெஞ்சில் போய்ப் பதிந்தது; தொப்பி கீழே விழுந்து உருண்டது. அதுவரை யாரையும் மூக்கு நுனிக்குக் கீழே வைத்துப் பார்த்துப் பழகிய மனிதர் தொப்பியை இறக்கிவிட்டுத் தங்கள் முன்னால் தலை தாழ்த்தி வருகிறார் என்பது மெல்லக் கூட்டத்துக்கு உறைத்தது. “முத்தின கதிருதான்யா சாயும்!” என்று யாரோ கத்தினார்கள். பிறகு ஒரே கைதட்டல்.

வைத்தியர் பார்த்துவிட்டுக் கழுத்தில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லித் தைலம் கொடுத்தார். பயிற்சிக்காரி வைத்தியம் சொன்னாள்: இழுக்கும் ஆசையை விட்டால் போதும். அதைவிடத் தைலம் சுலபமாக இருந்தது. ஆனால் அந்த வருடம் பள்ளித் தலைவர் தேர்தலில் எதிர்த்து நிற்க ஆளே இல்லாமல் போனதும் தலைவர் தைலத்தையும் நிறுத்திவிட்டார். மேடைக்கு மேடை பணிவின் சிகரம் என்றார்கள். அவர் தலை குனிந்தபடியே ஒப்புக்கொண்டார். செயலாளரும் குனிந்து நடக்க ஆரம்பித்தார். அவருக்குத் தாடை ஒட்டவில்லை, சம்பளம் ஒட்டியிருந்தது. அவரைப் பார்த்துக் கணக்கர், அவரைப் பார்த்துக் காவலாளி. தாழ்வாரத்தில் ஒருவரையொருவர் முட்டிக்கொண்டு செருப்பைப் பார்த்து வணக்கம் சொன்னார்கள்.

பதவி ருசித்ததால், கழுத்து கொஞ்சம் தளர்கிற மாதிரி தெரிந்தாலே தலைவர் லாயத்துக்கு வந்து குட்டிமேல் ஏறி இன்னொருமுறை பலமாக இழுத்துப் புதுப்பித்துக்கொண்டு போவார். இழுவை குட்டியின் வாய்க்கு எட்டவில்லை என்றாலும் அவர் தொம்மென்று உட்காரும் பாரம் எட்டியது. ஒவ்வொரு முறையும் முதுகு பள்ளமாகி, குட்டி தன் பாரம் முழுவதையும் முன்னங்காலில் போட்டுக்கொண்டு தடதடவென்று நடக்கும். பயிற்சிக்காரி வட்டத்தில் நடத்தி, நிறுத்தி, மறுபடி நடத்தி, முதுகை நினைவூட்டி முடிப்பதற்குள் அவர் மறுபடி வந்துவிடுவார். “எங்களுக்கே கொடுத்துடுங்க ஐயா,” என்று கேட்டாள். “எனக்குப் பணிவு கத்துக்கொடுத்த ஜீவன்மா அது. விட்டுக்கொடுக்க மாட்டேன்,” என்றார். லாடக்காரர் அன்று வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே, “பணிவு வந்தும் அடங்காத ஆளு இவருதான்,” என்றார். அவள் சிரிக்கவில்லை. இன்னும் ஒரு வருடம் இப்படியே போனால் அந்த முதுகு நிரந்தரமாகப் பள்ளமாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

அப்படிப் போகவில்லை. குனிந்து குனிந்து தலைவரின் கழுத்து அப்படியே படிந்துவிட்டது. புதுப்பிக்கத் தேவையில்லாததால் லாயத்துப் பக்கம் வருவதை நிறுத்தினார். பயிற்சிக்காரிக்கு ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் முழுசாகக் கிடைத்தன. அவள் அவசரப்படவில்லை. குட்டி கழுத்தை நீட்ட ஆசைப்பட்டால் நீட்டவிட்டாள். பின்னங்கால் ஓரடி உள்ளே வந்தால் அன்றைக்கு அதுவே போதும் என்று இறங்கிவிட்டாள். “இன்னிக்கு அவ்வளவுதானா? நான் லாடம் அடிச்சு முடிக்கவேயில்ல, நீ பாடம் முடிச்சிட்ட,” என்பார் புருஷன். மழை விட்ட ஒரு நாள், கடிவாளம் தொய்ந்து கிடக்க, குட்டியின் முதுகு அவளுக்குக் கீழே ரொட்டி உப்புவதுபோல எழும்பியது. கழுத்து தோளிலிருந்து உயர்ந்து, நெற்றி முன்னால் பார்க்க, தானாக வளைந்தது. அவள் திரும்பிப் பார்த்தபோது ஈர மணலில் குளம்புச் சுவடு ஒன்றுகூட இல்லை. தன் பாரம் முழுவதையும் தானே சுமந்துகொண்ட குதிரைக்குத் தரையிடம் கொடுக்க எதுவும் மிஞ்சவில்லை. லாடக்காரர் குனிந்து பார்த்தார், மணலைத் தடவினார், “ம்,” என்றார். அவர் ஒற்றை எழுத்தோடு நிறுத்தியது அதுவே முதல் தடவை.

அந்த வாரத்திலேயே தலைவருக்குத் தீவனச் செலவு ஞாபகம் வந்தது. குட்டியை மணல் வண்டிக்காரருக்குக் கொடுத்துவிட முடிவு செய்து, செயலாளரோடு பயிற்சித் திடலுக்கு வந்தார். பயிற்சிக்காரி குதிரைமேல்தான் இருந்தாள்.

“எங்கம்மா குதிரை?” என்றார் தலைவர், மணலைப் பார்த்தபடி.

“உங்க முன்னாடியேதாங்க போயிட்டிருக்கு.”

“ஒரு சுவடும் காணோமே. யாருய்யா அது மூச்சு விடறது?”

“நாந்தாங்க,” என்றார் லாடக்காரர். “எனக்குக் கொஞ்சம் இளைப்பு.”

“மச்சினா, உனக்கு ஏதாவது தெரியுதா?”

நிமிர்ந்தால் தெரிந்திருக்கும். ஆனால் அத்தான் குனிந்திருக்கும்போது தான் நிமிர்வது எந்தச் செயலாளருக்கும் அடுக்காது. “ஒண்ணும் தெரியல அத்தான். குதிரை இல்லவே இல்ல.”

“இல்லாத குதிரைக்கா இத்தன நாளாத் தீனி போட்டோம்? இன்னிக்கே லாயத்தக் காலி பண்ணுங்க,” என்றார் தலைவர். பயிற்சிக்காரி, “சரிங்க ஐயா,” என்று சொல்லி மெதுவாக இறங்கினாள். புருஷனுக்குக் கண்காட்டிவிட்டுக் குட்டியை வாசல் பக்கம் நடத்தினாள்.

வாசலில் காவலாளி, தரையைப் பார்த்தபடியே, குதிரையை வெளியே கொண்டுபோக அனுமதி வேண்டும் என்றான். “இல்லாத குதிரைக்கு எதுக்குப்பா அனுமதி?” என்றாள் அவள். அதுவும் சரிதான் என்று பட்டதால், இல்லாத குதிரை இடிபடாமல் போகட்டும் என்று அவன் கதவு இரண்டையும் அகலத் திறந்துவிட்டான். தெருவில் சைக்கிள்காரர்கள் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்கள். மூன்று பேரும் சேற்றில் நடந்து போனார்கள்; இரண்டு பேருடைய தடம் பதிந்தது. வீட்டுத் திருப்பம் வரை வாயைக் கட்டிக்கொண்டு வந்த லாடக்காரருக்கு அதற்குமேல் முடியவில்லை. “எல்லாம் சரி. தேயாத லாடத்த வச்சுக்கிட்டு நான் எப்படிடி பொழைக்கறது?” என்றார்.