வலி இருந்தால் வாருங்கள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை, நோட்டீஸாகப் பிறந்தது. விருத்தாசலத்தில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் டாக்டர் இளமதி என் பல்லை அடைத்துக்கொண்டிருந்தபோது, "சார், நீங்க எழுதுறவர்தானே? பல் நோயப் பத்தி எங்க பேஷண்டுங்களுக்குப் புரியுற மாதிரி ஒரு பக்கம் எழுதிக் குடுங்களேன்" என்றார். என் வாய் நிறையப் பஞ்சு. தலையாட்டத்தான் முடிந்தது.

எழுதினேன். சொத்தை சிறிதாக இருந்தால் அடைக்கலாம். நரம்புவரை போய்விட்டால் வேர் சிகிச்சை செய்து மேலே கேப் போட வேண்டும். ஈறில் ரத்தம் வந்தால் பல்லைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். பல் போன இடத்தில் பிரிட்ஜ் கட்டலாம், எலும்பில் திருகு வைத்துப் பல் பொருத்தலாம், கழற்றி மாட்டும் செட்டும் உண்டு. 'ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டவும், தொடங்கிய சிகிச்சையைப் பாதியில் விடக்கூடாது' என்று முடிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அது ரேஷன் கடை அறிவிப்பு மாதிரி இருந்தது எனக்கு. வெட்டிவிட்டு, 'வலி இருந்தால் வாருங்கள்' என்று முடித்தேன். மூன்றே சொல். டாக்டர் அவசரத்தில் மேலோட்டமாகப் பார்த்து, "நல்லாருக்கு சார்" என்று அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

2

அந்த நோட்டீஸால் நடந்ததைக் கதையாக எழுத உட்கார்ந்தேன். தொடக்கம் அமையவில்லை. நான் எழுதி அடித்தவற்றை நீங்களும் பாருங்கள்.

'செராமிக் சூளைகளின் வெப்பத்தில் வெந்த அந்த நகரத்தில், ஒரு பெண்ணின் தாடைக்குள்ளும் ஒரு சூளை' (ஐயோ, வேண்டாம்.)

'பல் என்பது மனிதனின்' (இதை முடிக்கவே கூச்சமாக இருந்தது.)

'பாஞ்சாலைக்குப் பல் வலித்தது.' இது தேவலை. இதையே வைத்துக்கொள்வோம்.

பாஞ்சாலைக்கு நாற்பத்தாறு வயது. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து, ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சூளையிலிருந்து இறங்கும் ஃபியூஸ் கட்டைகளை (கரண்டு பெட்டியில் ஃபியூஸ் கம்பி மாட்டும் பீங்கான் துண்டுகள்) தரம் பிரிப்பது அவள் வேலை. இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவாள். ணங்கென்றால் நல்லது. டொக்கென்றால் உள்ளே விரிசல், கழிவுக் குவியலுக்குப் போகும். இருபத்திரண்டு வருஷமாகத் தட்டுகிறாள். அவள் காது தவறியதில்லை என்று கம்பெனியில் சொல்வார்கள்.*

அவளுக்கு இடது பக்கக் கடைவாய்ப் பற்கள் மேலும் கீழும் ஏற்கெனவே போய்விட்டன. தின்பதெல்லாம் வலது பக்கம்தான். வலித்ததும் அந்தப் பக்கத்துப் பெரிய பல்தான். அது போனால் மெல்ல இடமில்லை. இந்தக் கதையில் பணயமாக இருப்பது அந்த ஒரு பல். பெரிய விஷயமா என்று நினைப்பவர்கள் ஒரு வாரம் கஞ்சி மட்டும் குடித்துவிட்டு வந்து மேலே படிக்கலாம்.

* இதைச் சொன்னது அவளேதான். நான் கம்பெனிக்குள் போனதில்லை.

3

அவள் முதல்முறை வந்தபோது, அடைத்த பல்லைக் காட்டுவதற்காக நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தே இருந்தது.

டாக்டர் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் கண்ணாடிக் குச்சியின் காம்பால் அந்தப் பல்லைத் தட்டினார்.

"வலிக்குதாக்கா?"

"வலிக்குது. சத்தமும் சரியில்லம்மா."

டாக்டர் சிரித்துவிட்டார். "சத்தத்த வுடுங்க. நரம்பு வரிக்கும் சொத்த போயிடுச்சு. வேரச் சுத்தம் பண்ணணும், மூணு தடவ வரணும். அப்பறம் மேல கேப்பு."

"கேப்புன்னா?"

"பீங்கான்லதான் செய்வாங்க."

"எங்க கம்பெனியிலயா?"

"இல்லக்கா, அது வேற எடம்."

"பாத்து வாங்குங்கம்மா. தட்டிப் பாக்காம வாங்காதீங்க."

அன்று முதல் சிட்டிங் முடிந்தது. தற்காலிகமாக அடைத்து, அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். போகும்போது மேசையிலிருந்த என் நோட்டீஸில் ஒன்றை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இதை மறைப்பதில் அர்த்தமில்லை.

4

அடுத்த வாரம் அவள் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார்களாம். "நல்லாயிடுச்சும்மா, வரேன்" என்றாளாம்.

இந்த இடத்தில் என் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. இவளை அசடாக எழுதினால் வேலை சுலபம். ஆனால் அவள் செய்ததைக் கேளுங்கள். வலி நின்றது. மகள் கனிமொழி நோட்டீஸை வாசித்துக் காட்டினாள். பாஞ்சாலை தினமும் காலையில் டீ கலக்கிய ஸ்பூனைத் திருப்பி, காம்பால் அந்தப் பல்லைத் தட்டினாள். ணங். பாஸ். பிறகு வறுத்த மல்லாட்டையை (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) அதே பக்கம் போட்டு மென்றாள். பீங்கானுக்கு நரம்பு கிடையாது. அதைத் தட்டினால் தெரிவதே போதும். பல்லில், நரம்பை எடுத்துவிட்டால் வலி போய்விடும், ஆனால் கேப் போடாத பல் மெல்ல மெல்லப் பிளக்கும். அடைத்தது கரைந்தால் கிருமி மறுபடி வேருக்குள் இறங்கும். இதைச் சொல்லியிருக்க வேண்டியது நோட்டீஸ். அந்த இடத்தில்தான் என் மூன்று சொல் உட்கார்ந்திருந்தது.

5

முடிவுகள்.

முதல் முடிவு: இரண்டாவது வாரமே வந்து, கேப் போட்டுக்கொண்டு, சிரிக்கிறாள். (டாக்டருக்குப் பிடிக்கும். நடக்கவில்லை.)

இரண்டாவது முடிவு: பல் போகிறது, அவள் தத்துவமாக ஏதோ சொல்கிறாள். (எனக்குப் பிடித்திருக்கும், போன வருஷம் வரை.)

நடந்தது: நான்கு மாதம் கழித்து, கன்னம் கொழுக்கட்டையாக வீங்கி வந்தாள். அன்றைக்கும் நான் இருந்தேன். என் பல்லும் லேசுப்பட்டதில்லை.

டாக்டருக்குக் கோபம். அதை அடக்கிக்கொண்டு கேட்டார். "ஏன்க்கா வரல?"

"பேப்பர்லயே போட்டிருந்துச்சுங்களே. வலி இருந்தா வாங்கன்னு. எனக்குதான் வலியே இல்லியே."

டாக்டர் என்னைப் பார்த்தார்.

இங்கே இரண்டு வரைவு வைத்திருந்தேன். ஒன்றில் நான் எழுந்து, 'அந்த வரி என்னுதும்மா, டாக்டர் வேற மாதிரி எழுதச் சொன்னாங்க, நான்தான் வெட்டினேன்' என்கிறேன். இன்னொன்றில், மேசையில் மிச்சமிருந்த நோட்டீஸ்களைச் சத்தமில்லாமல் எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறேன். நடந்தது இரண்டாவது. வெட்கமாக இருக்கிறது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். சீழை வடித்து, மாத்திரை எழுதினார்கள்.

"பல்லு பொளந்திருக்குக்கா. வேர் வரிக்கும் போகலன்னுதான் தோணுது, உறுதியா சொல்ல முடியல. திரும்ப மொதல்லருந்து சுத்தம் பண்ணி, கேப்பு போட்டுப் பாக்கலாம். நெலைச்சாலும் நெலைக்கும், ஒரு வருஷத்துல போனாலும் போகும். இல்லன்னா இப்பவே எடுத்துட்டு, அதுக்கு முன்னாலயும் பின்னாலயும் இருக்குற ரெண்டு பல்லையும் ராவி பிரிட்ஜு கட்டலாம். அந்த ரெண்டு பல்லும் இப்ப நல்லாதான் இருக்குது. வீக்கம் வத்துனதும் யோசிச்சு சொல்லுங்க."

வெளியே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டாள். பையிலிருந்து அந்த நோட்டீஸை எடுத்தாள். மடித்த இடமெல்லாம் நைந்திருந்தது.

"கம்பெனில விரிசல் வுட்டத வச்சிக்க மாட்டோம் சார். தூக்கிப் போட்டுடுவோம். ஆனா அதுக்குப் பதிலா வேற கட்ட வரும்." நோட்டீஸை மடியில் வைத்து நீவினாள். "எனக்குப் பயமா இருக்குது. நீங்கதான் இத எழுதனீங்கன்னு நர்ஸு பொண்ணு சொல்லிச்சு. சூப்பரா எழுதியிருக்கீங்க, எம் பொண்ணுக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. நீங்க சொல்லுங்க. எடுத்துடவா, வச்சிக்கவா?"

6

கதை இங்கே நிற்கிறது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் ஒருமுறை நோட்டீஸில் சொல்லிப் பார்த்துவிட்டேன், இனி என்னிடம் கேட்பது நியாயமில்லை. நீங்கள் சொல்லுங்கள். டாக்டர் சொன்னதை மறுபடி படித்துக்கொள்ளுங்கள், அவசரமில்லை, வீக்கம் வற்ற ஐந்து நாளாகும்.

ஒரே ஒரு வேண்டுகோள். தயவுசெய்து அழகாகச் சொல்லாதீர்கள்.