அண்ணா என்று கூப்பிட்டது யாரை

"அண்ணா, கண்ணு டெஸ்ட் பண்ணணும்" என்று சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒரு சட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த கை நின்றது. தலையைத் தூக்காமலே, "சார்னு கூப்பிடுங்க, பாஸ்னு கூப்பிடுங்க, யோவ்னு கூப்பிட்டாலும் பரவால்ல. அது மட்டும் வேணாம்" என்றார். மனப்பாடமாக வந்தது. ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் சொல்கிறாரோ. நம் ஆட்களுக்கு வாயைத் திறந்தால் அண்ணாதான். பஸ் டிரைவர் அண்ணா, பழக்கடை அண்ணா, லிஃப்ட் ரிப்பேர் பார்க்க வருகிற அண்ணா. அந்தச் சொல்லைத் தவிர்த்துவிட்டுக் கடை நடத்துவது, வாசலில் நின்று வாடிக்கையாளரைத் துரத்திவிடுவது மாதிரிதான்.

துரத்த ஆளும் இல்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு நான் ஒருவன்தான் உள்ளே இருந்தேன். பாதி ஏற்றிய ஷட்டரில் யாரோ சிவப்புப் பெயின்ட்டால் எழுதியதைத் தின்னர் ஊற்றித் தேய்த்திருந்தார்கள். பெயின்ட் போய்விட்டது. தேய்த்த இடம் மட்டும் மற்ற இடத்தைவிடப் பளிச்சென்று ஆகி, 'தங்கச்சி எங்கடா' என்பதை முன்னைவிட நன்றாகக் காட்டியது.

அவருடைய தங்கை, நான் இரவுக் காவல் பார்த்த கட்டடத்தில் 3சி வீட்டில் தனியாகக் குடியிருந்தவள். போன வருடம் ஒரு நாள் விடிகாலை ஐந்தரைக்கு, மேல்வீட்டுக்காரன் ஒருவன் உள்ளே நுழைந்து அவளைக் கொன்றான். எப்படிக் கொன்றான், எத்தனை தடவை என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதைச் சொல்லிப் பிழைக்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அவனைப் பிடிக்கப் போலீஸுக்கு இரண்டு மாதம் ஆனது. அதற்குள் ஊர் வேறொருவரைக் கொலைகாரனாக்கி முடித்திருந்தது.

ஆரம்பித்து வைத்தது 3சிக்கு எதிர்வீட்டு டீச்சர். "அண்ணா, அண்ணா, அண்ணான்னு மூணு தடவ கத்துச்சு. என் ரெண்டு காதால கேட்டேன்" என்று முதலில் போலீஸிடம் சொன்னாள். அது உண்மைதான். பிறகு ஒரு சேனல்காரன் மைக்கோடு வந்தான். கொலைக் கதைகளை மட்டுமே சொல்லும் சேனல். நாங்கள் அவனைத் தாடி என்போம். தாலாட்டுப் பாடுகிற குரலில் வெட்டு, குத்து, சாக்குமூட்டை பற்றியெல்லாம் சொல்வான். தாடியிடம் பேசும்போது டீச்சருக்கு மூன்று ஐந்தானது. அடுத்தடுத்து நான்கு பேருக்குப் பேட்டி கொடுத்தாள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புதுப்புடவை. கடைசிப் பேட்டியில் ஏழு தடவை கத்தியதாகச் சொன்னாள். கத்திக் காட்டவும் செய்தாள். தாடி அந்தக் கத்தலை வெட்டி எடுத்து, 'அவள் கடைசியாகச் சொன்ன பெயர்' என்று தலைப்புப் போட்டு, பக்கத்தில் இவர் போட்டோவை வைத்தான். தங்கை வாங்கித்தந்த சட்டையில் சிரித்துக்கொண்டு நிற்கிற போட்டோ. கண்ணைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம்.

உண்மையானவன் பிடிபட்டு, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட பிறகும் தாடி அந்த வீடியோவை எடுக்கவில்லை. 'அண்ணன் சொல்லித்தான் செய்தானா?' என்று இன்னொன்று போட்டான். போன வாரம் 'ஒரு வருடம்: அண்ணன் இன்னும் வெளியில்' என்று ஒன்று. அதைப் பார்த்துவிட்டு மூன்று நாள் சோறு இறங்கவில்லை எனக்கு. நல்லவன் என்பதால் அல்ல. காரணம் வேறு.

"உக்காருங்க" என்றார். நாற்காலியில் உட்கார்ந்தேன். கனமான சோதனைச் சட்டத்தை என் மூக்கில் மாட்டி, இடது கண்ணுக்குக் கறுப்பு வில்லையைச் செருகினார். விரல்கள் சோப்பு மணத்தன. எதிர்ச்சுவரில் எழுத்து அட்டைக்குப் பின்னால் விளக்கு எரிந்தது.

"கீழருந்து ரெண்டாவது வரி படிங்க."

"ட... ர... ப. இல்ல, ய."

"பவா யவா?"

"தெரியல."

வெளியே ஒரு பைக் வேகம் குறைத்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவன் போனைக் கடைப்பக்கம் நீட்டிப் பிடித்து, பெண்குரலில், "அண்ணா! அண்ணா! காப்பாத்துண்ணா!" என்று இழுத்தான். ஓட்டியவன் சிரித்த சிரிப்பில் பைக்கே ஆடியது. போய்விட்டார்கள். கடைக்காரர் வில்லைப் பெட்டியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். "ரோட்டுல ரொம்பத் தூசி" என்றார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பையன்கள்மேல்கூட இல்லை. அந்தக் குரலை எடுத்துவைத்திருக்கிறார்களே, விளையாட்டுச் சாமான் மாதிரி. அதை அவர்கள் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் எனக்கும் பங்கு உண்டு.

"உங்க தங்கச்சி உங்கள எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டேன்.

அவர் கை மறுபடி நின்றது. "நீயும் வீடியோதான் எடுக்கறியா?"

"இல்ல. சத்தியமா இல்ல. போன வேணா வெளிய வச்சுட்டு வரேன்."

கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு, கேட்டவர்கள் யாரும் நம்பாத ஒன்றைச் சொல்கிற அலுப்போடு, "தடியா" என்றார். "ஒரு வயசுதான் வித்தியாசம். தடியான்னுதான் கூப்பிடுவா. கோவம் வந்தா எருமை. இருபத்தெட்டு வருஷத்துல ஒரு நாள்கூட அவ என்னை அண்ணான்னு கூப்பிட்டதில்ல. போலீஸ்ல சொன்னேன். 'சாகறப்பவாவது மரியாதை வந்திருக்கும்'னு ஒருத்தர் சொன்னாரு. மத்தவங்க சிரிச்சாங்க."

"அம்மா?"

"மேலதான் இருக்காங்க." கூரையைக் காட்டினார். "ரூம உள்பக்கமாத் தாழ்ப்பாள் போட்டுக்கறாங்க. பகல்லயும். சாப்பாடு கொண்டுபோனா, 'வாசல்ல வச்சுட்டுப் போப்பா'ங்கறாங்க. அவன் கோர்ட்ல ஒத்துக்கிட்டான்மான்னு பேப்பரையே கதவுக்கடியில தள்ளினேன். படிச்சுட்டு, 'ஆனா அவ உன்னத்தானே கூப்பிட்டா'ன்னு கேக்கறாங்க. அதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்குல்ல? கொன்னது நான்ங்கறது ஒண்ணு, கூப்பிட்டும் வராதது நான்ங்கறது ஒண்ணு. எந்த அர்த்தத்துல கேக்கறாங்கன்னு எனக்குத் தெரியல. அவங்களுக்கும் தெரியாது போல."

இடது கண் இருட்டாக இருந்தது. வலது கண்ணில் எழுத்துகள் கலங்கின.

"அது நான்தான்" என்றேன்.

"எது?"

"அண்ணா."

சொல்ல ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. அந்தக் கட்டடத்தில் எல்லோரும் என்னை வாட்ச்மேன் என்பார்கள், ஏய் என்பார்கள், சிலர் கையைத் தட்டுவார்கள். அவள் மட்டும் அண்ணா. என்னைவிட இரண்டு வயது மூத்தவள், ஆனாலும் அண்ணா. 'அண்ணா, மோட்டார் போடுங்கண்ணா', 'அண்ணா, பார்சல் வந்துச்சாண்ணா.' அவள் வீட்டு இன்டர்காம் கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கும். அவள் ரிசீவரை எடுத்தால் கீழே என் அறையில் 3சி என்று சிவப்பு விளக்கு எரியும். தினமும் ஐந்தரைக்கு எரியும், தண்ணீருக்கு. அன்றைக்கும் ஐந்தரைக்கு எரிந்தது. தண்ணீர்தானே, ஐந்து நிமிஷம் கழித்துப் போட்டால் என்ன என்று நினைத்தேன். காதில் இயர்போன் இருந்தது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அணைந்தது.

"போலீஸ் கேட்டப்ப, மொட்டை மாடில தண்ணி டேங்க் பாக்கப் போயிருந்தேன், கால் எதுவும் வரலன்னு சொல்லிட்டேன். அந்த மிஷின்ல எதுவும் பதிவாகாது. யாரும் திருப்பிக் கேக்கல. அடுத்த வாரம் வேலைய விட்டுட்டேன்."

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஸ்டூலை இழுத்து என் முன்னால் உட்கார்ந்தார். முழங்காலும் முழங்காலும் இடிக்கிற நெருக்கம்.

"காதுல என்ன கேட்டுட்டு இருந்த?"

மூக்கில் நழுவிய சட்டத்தை மேலே தள்ளிக்கொண்டேன்.

"பாட்டா?"

"தாடியோட வீடியோ. வேற ஒரு கொலை."

தலையை ஆட்டினார். வாடிக்கையாளர் தன் பவரைச் சொல்லும்போது ஆட்டுவது போல. "முழுசாப் பாத்தியா?"

"ம்."

"யாரு பண்ணானாம்?"

"சித்தப்பா."

"ஓ" என்றார். பிறகு ஒரு சத்தம் வந்தது அவரிடமிருந்து. சிரிப்பா, இருமலா, தெரியவில்லை. அது நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. "சித்தப்பாவா" என்று இன்னொரு தடவை சொன்னார். கண்ணைத் துடைக்கத் தன் சட்டையை எடுக்காமல், வில்லை துடைக்கிற மஞ்சள் துணியை எடுத்தார்.

"எந்திரி" என்றார்.

"போலீஸுக்கா?"

"போலீஸ் அப்புறம். மேல வா."

கடைக்குப் பின்னால் இரும்புப் படிக்கட்டு. ஒருவர்தான் ஏற முடியும். அவர் என்னை முன்னால் போகச் சொன்னார். சோதனைச் சட்டம் இன்னும் என் முகத்தில் இருந்தது, அவர் கழற்றவில்லை, எனக்கும் கழற்றத் தோன்றவில்லை. ஒரு கண் தெரியாமல் படி ஏறுவது லேசான விஷயம் இல்லை. ஒவ்வொரு படியையும் காலால் தடவி ஏறினேன். மேலே, ஒரு கதவுக்கு முன்னால் சாப்பாட்டுத் தட்டு மூடி வைத்திருந்தது. மூடியில் ஈ உட்கார்ந்திருந்தது. காலையில் வைத்ததாக இருக்க வேண்டும்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் நான்கு படி கீழேயே நின்றுவிட்டார். சுவரோடு ஒட்டி, கதவு திறந்தால் உள்ளிருந்து பார்க்கிறவர் கண்ணில் படாத இடம். அவர் தேடி நிற்கவில்லை. பழகிப்போன இடத்தில் கால் தானாக நின்றிருந்தது. கையால் 'தட்டு' என்று காட்டினார்.

தட்டினேன்.

"சாப்பாடு வேணாம்ப்பா" என்று உள்ளே ஒரு குரல். "கீழ எடுத்துட்டுப் போயிடு."

"அம்மா, நான் வேற ஆளு."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. செருப்பு தேய்கிற சத்தம் கதவுவரை வந்து நின்றது.

"யாரு?"

ஒரு வருடமாக வீட்டில் படுத்துக்கொண்டு இந்தப் பதிலை விதவிதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒன்றிலும் நான் நன்றாகத் தெரிந்ததில்லை. இப்போது என் வாயில் பேரும் வரவில்லை, பார்த்த வேலையும் வரவில்லை. கீழே படியில் நின்றவர் அந்த மஞ்சள் துணியைக் கையில் முறுக்கிப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தார்.

"உங்க பொண்ணு கூப்பிட்டது என்னைத்தாம்மா" என்றேன். "அண்ணான்னு."

தாழ்ப்பாள் அசைந்தது. துருப்பிடித்த தாழ்ப்பாள், பாதி வரை வந்து மாட்டிக்கொண்டது. கதவுக்கு அடியில் வெளிச்சக்கோட்டில் இரண்டு பாதங்களின் நிழல் தெரிந்தது, ஒரு கண்ணுக்கு மட்டும். அது முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை.