நீலக் கதவு வரை இரண்டு கிலோமீட்டர்

அமைதியின் விலை நாளொன்றுக்கு முந்நூறு. ஹெல்மெட்டும் பூட்டும் அதில் அடக்கம், மழைக்கோட்டு தனி. பழைய கோட்டை வாசலுக்கு எதிரே சைக்கிள் வாடகைக் கடை வைத்திருந்தவர் இந்த விலையை வாய் கூசாமல் சொல்வார். சைக்கிளுக்கு வாடகை என்றால் ஜனங்கள் பேரம் பேசுவார்கள், அமைதிக்கு என்றால் மறுபேச்சில்லாமல் எடுத்து வைப்பார்கள் என்பது அவர் கண்ட உண்மை. எதையும் அளந்தே பேசுவதால் ஊரில் அவருக்கு மீட்டர் என்று பெயர்.

கடையில் வாடகை வண்டியோடு கொடுக்க ஏழு வகை அட்டைகள். அட்டைக்கு ஒரு வழி. லாரி வராத, ஹாரன் கேட்காத சாலைகளாகப் பொறுக்கி, வயல்களின் ஊடே பழைய ஊர்கள் வழியாகப் போய் வரும்படி எழுதியிருந்தார். எந்த மேட்டில் மூச்சு வாங்கும், எந்தச் சரிவில் பிரேக்கைத் தயாராக வைக்க வேண்டும் என்பதுவரை எல்லாம் அதில் உண்டு. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரே வரி: ‘ஒவ்வொரு அடியும் என் சக்கரம் பட்ட அடி.’

அது உண்மைதான், ஆறாம் எண் அட்டையில் இரண்டு கிலோமீட்டரைத் தவிர.

அந்த வழியை அளக்கப் போன நாளில் பத்தொன்பதாம் மைல்கல்லருகே மழை பிடித்துக்கொண்டது. டயர் வேறு பஞ்சர். லாரி வராத சாலை என்று எழுதப்போகிற மனிதர், நெடுஞ்சாலை வரை வண்டியை உருட்டிப்போய் ஒரு லாரியைக் கைகாட்டி நிறுத்தி ஏறினார். பழைய மாவு ஆலை வாசலில் இறங்கி, பஞ்சர் ஒட்டி, மீதியை ஒழுங்காக அளந்து முடித்தார். மைல்கல்லுக்கும் ஆலைக்கும் நடுவே பழைய வரைபடத்தில் நூல்போல ஒரு கோடு இருந்தது. திரும்பப் போய்ப் பார்க்கச் சோம்பல். நாற்காலியில் உட்கார்ந்தபடியே எழுதினார்: ‘மைல்கல் தாண்டி இடது பக்கம் திரும்பவும். இருபுறமும் மரங்கள். இடிந்த மதில். மதில் முடியும் இடத்தில் ஒரு நீலக் கதவு. தட்டினால் ஒரு அம்மாள் கை நீட்டித் தண்ணீர் தருவார். அவசரமில்லாமல் குடித்துவிட்டு ஆலைக்குப் போகவும்.’ வழியில் தண்ணீர் உண்டு என்று போட்டால் அட்டை வேகமாக நகரும் என்பது வியாபாரம்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவருடையது எட்டு மாதம் ஓடியது, அதுவும் லாபத்தில்.

முதலில் தொப்பை போட்ட ஒரு வங்கி அதிகாரி திரும்பி வந்து, தண்ணீர் அத்தனை குளிர்ச்சி என்றார். முகத்துதி என்று மீட்டர் நினைத்தார். அடுத்த வாரம் வந்தவர்கள் மதிலில் பாசி வழுக்குகிறது என்று எச்சரித்தார்கள். பாசியை அவர் எழுதவே இல்லை. மூன்று முறை தானே போய்ப் பார்த்தார். மைல்கல்லுக்கு இடப்பக்கம் முள்புதர், அதற்கப்பால் உழுத நிலம். வழியும் இல்லை, மதிலும் இல்லை. கடையில் பஞ்சர் ஒட்டுகிற மச்சானிடம், அதாவது மனைவியின் தம்பியிடம், உண்மையைச் சொல்லிவிட்டார். அவன் வாய்விட்டுச் சிரித்தான். மனைவியிடம் மட்டும் சொல்லவில்லை. கல்லாவில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவள் அவள். அட்டையின் தலையிலிருக்கும் அந்த வரியைக் காட்டித்தான் அவள் எல்லோரிடமும் பேரத்தை முடிப்பாள்.

ஓய்வுபெற்ற தம்பதி ஒன்று போய் வந்த அன்றுதான் வினை வந்தது. தண்ணீர் கொடுத்த அந்த அம்மாள் உங்களைத்தான் விசாரித்தார், எழுதினவர் எப்போது வருவார் என்று கேட்டார் என்றார் கணவர். கல்லாவில் பேனா நின்றது. அந்தம்மா பார்க்க எப்படி இருந்தார் என்று மீட்டர் மெல்லக் கேட்டார். கணவர் மனைவியைப் பார்த்தார், மனைவி கணவரைப் பார்த்தார். கை நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றார்கள். முகம்தான் இருவருக்கும் வரவில்லை.

அவர்கள் போனதும் மனைவி நிமிர்ந்தாள்.

“ஏங்க, யாரு அந்தம்மா?”

“யாரோ ஒரு அம்மா.”

குடும்பத்தில் ‘யாரோ’வைவிட விலை கூடிய வார்த்தை கிடையாது. பொய் எழுதினேன் என்று சொல்லியிருந்தால் ஒரு நாள் திட்டோடு போயிருக்கும். மானம் தடுத்தது.

மறுநாள் விடிந்ததும் அவள் ஆறாம் அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். கல்லாவில் முந்நூறும் அதற்கான ரசீதும் இருந்தன. சொந்தக் கடை வண்டியானாலும் காசு கட்டாமல் ஏறமாட்டாள். வழி முப்பத்திரண்டு கிலோமீட்டர். எவ்வளவு மெதுவாக மிதித்தாலும் பத்து மணிக்குத் திரும்பியிருக்க வேண்டும். பதினொன்று ஆயிற்று. தொலைபேசியில் மணியே போகவில்லை. மீட்டர் நெடுஞ்சாலை வழியே மைல்கல் வரை போய்ப் பார்த்தார். முள்புதர் வரை ஒரு டயர் தடம் இருந்தது. அதற்கு மேல் இல்லை. புதரின் ஒரு கிளைகூட முறிந்திருக்கவில்லை.

கடைக்குத் திரும்பியபோது அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இம்முறை மச்சான் சிரிக்கவில்லை.

“மாமா, நீங்க மூணு தடவ போனீங்களே, காசு கட்டியா போனீங்க?”

“என் கடை, என் வண்டி. எதுக்குக் கட்டணும்?”

“அதான். காசு கட்டினவன்தான் அட்டைய நம்புறான். அக்கா கட்டிட்டுப் போயிருக்கு.”

மீட்டர் முந்நூறை எண்ணிக் கல்லாவில் போட்டார். தன் கையாலேயே தனக்கு ரசீது எழுதினார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, ஆறாம் அட்டையைக் கைப்பிடியில் செருகி, முதல் வரியிலிருந்து வாடிக்கையாளர் மாதிரி ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே மிதித்தார்.

மைல்கல் தாண்டி இடது பக்கம் திரும்பினார். வழி இருந்தது.

இருபுறமும் மரங்கள். எல்லாம் ஒரே மரம். ஒரே இடத்தில் கிளை பிரிந்து, ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. என்ன மரம் என்று அவர் எழுதவில்லை. என்ன மரமென்று இப்போதும் சொல்ல முடியவில்லை. பறவை இல்லை, காற்று இல்லை, சங்கிலி ஓடும் ஓசையும் இல்லை. எட்டு மாதமாக முந்நூறுக்கு விற்ற சரக்கு இதுதானா என்று நினைத்துக்கொண்டார். இடிந்த மதில் வந்தது. பாசி வழுக்கியது. மதிலின் முடிவில் நீலக் கதவு. வாசலில் மனைவியின் சைக்கிள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கதவின் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தார். சுவர் இல்லை, கூரை இல்லை, பின்னால் எதுவும் இல்லை. வெயில்கூட அங்கே விழவில்லை.

தட்டினார். கதவு ஒரு சாண் திறந்தது. தண்ணீர்க் குவளையோடு ஒரு கை நீண்டது.

“எழுதினவர் வந்தாச்சா?”

அவர் குவளையை வாங்கவில்லை. “என் வீட்டுக்காரி எங்க?”

“உள்ளதான் இருக்காங்க. கைய மட்டும் எழுதிட்டுப் போயிட்டீங்களே. வெறும் கைய வெச்சுக்கிட்டு ஒருத்தி எத்தனை நாள் நிக்கிறது? மீதிய எழுதுங்க. கூட்டிட்டுப் போங்க.”

வியாபாரி ரத்தம் சும்மா இருக்குமா? ஆளை முதலில் காட்டு, பிறகு எழுதுகிறேன் என்றார். எழுதின பிறகுதான் ஆள் என்றது குரல். பாதி எழுதுகிறேன், பாதி வந்த பிறகு என்றார். கை குவளையைக் கீழே வைத்துவிட்டு, கதவை மெல்ல இழுத்தது. மீட்டர் பேனாவை எடுத்தார்.

அட்டையைத் திருப்பி, பின்பக்கம் எழுத ஆரம்பித்தார். அவசரத்துக்கு அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த முகம் ஒன்றே ஒன்றுதான். வழி எழுதிப் பழகிய கை, அந்த முகத்தையும் வழியாகவே எழுதியது. ‘அகலமான நெற்றியிலிருந்து இறங்கினால் இரண்டு புருவங்கள். இடது புருவத்தின் நடுவே ஒரு வெட்டு. மூக்கின் வலப்பக்கம் மிளகளவு மச்சம். சிரித்தால் முன்பல்லில் ஒரு சந்து. குரல் கொஞ்சம் கரகரப்பு. உயரம் என் தோள் வரை.’ அட்டையை இடுக்கு வழியாகக் கொடுத்தார். கை வாங்கிக்கொண்டது.

உள்ளே யாரோ முணுமுணுவென்று படிப்பது கேட்டது. மெல்லிய குரலில் தொடங்கிய படிப்பு, கடைசி வரிக்கு வரும்போது கரகரத்தது.

கதவு திறந்தது. மனைவி வெளியே வந்தாள். புருவ வெட்டு, மச்சம், தோளளவு உயரம். “வாங்க, போகலாம்” என்று சொல்லிச் சிரித்தபடி சைக்கிளில் ஏறினாள். கதவு அவள் பின்னால் சாத்திக்கொண்டது. உள்ளிருந்து தட்டும் ஓசை கேட்டதுபோல் இருந்தது. தன் நெஞ்சுதான் அடித்துக்கொள்கிறது என்று மீட்டர் நினைத்தார். வழியெல்லாம் அவர் நடந்ததை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அவள் தலையாட்டிக்கொண்டே வந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை.

கடைக்குப் பின்னால்தான் வீடு. வந்ததும் அவள் கடை வழியாக உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்துக் கொல்லைக் குழாயடியில் உடையைத் தூக்கிக் கால் கழுவினாள். சின்ன வயதில் தம்பியின் சைக்கிளில் ஓட்டப் பழகியபோது, பல்சக்கரம் கடித்து அவளுடைய வலது கெண்டைக்காலில் மூன்று பல் பதிந்துவிட்டது. அக்காவுக்குக் கம்பெனி முத்திரை குத்தியாச்சு என்று மச்சான் இன்றும் கிண்டல் செய்வான். மீட்டர் அந்தக் காலைப் பார்த்தார். தண்ணீர் வழிந்த கால், நேற்று வாங்கிய பீங்கான்போல் வழவழவென்று இருந்தது.

அவர் கடைக்கு ஓடினார். ஆறாம் அட்டைகள் இருந்த தட்டு காலி. திரும்பிச் சமையலறைக்கு வந்தபோது அடுப்பில் கடைசி அட்டை சுருண்டு கருகிக்கொண்டிருந்தது.

“இனிமே இந்த வழி வேண்டாங்க” என்றாள் அவள், மனைவியின் கரகரத்த குரலில்.

மீட்டர் நாற்காலியில் உட்கார்ந்து வாடகை நோட்டை விரித்தார். கடை மூடுமுன் அன்றைய வரவு போக்கை எழுதிவிடுவது அவர் பழக்கம். எழுத்து வழக்கம்போல் நேராகவே வந்தது.

வண்டி: போனது இரண்டு, வந்தது இரண்டு.

ஆறாம் அட்டை: போனது இரண்டு, வந்தது இல்லை.

ஆள்: போனது இரண்டு, வந்தது இரண்டு. நெற்றி சரி. புருவ வெட்டு சரி. மச்சம் சரி. பல் சந்து சரி. குரல் சரி. உயரம் சரி.

பாக்கி: வலது கெண்டைக்காலில் மூன்று பல் தழும்பு; அது உள்ள கால்; அந்தக் கால் உள்ளவள்.