மூன்றாவது வளைவின் கண்ணாடி

அந்த மலைச்சாலைக்குப் பாரம்பரியச் சாலை என்ற பட்டத்தை வாங்கியே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றவர் ஸ்டுடியோக்காரர்தான். பாஸ்போர்ட் படம் எடுக்கப் போனவர்களைக்கூடச் சும்மா விடமாட்டார். "தலையைக் கொஞ்சம் நிமித்துங்க" என்பார். பிறகு அந்தச் சாலையின் வயது, ஒரு கல்கூட அசையாத தடுப்புச்சுவர், கீழே விரியும் பள்ளத்தாக்கு என்று ஆரம்பித்துவிடுவார். ஊரில் பாதிப் பேர் பாஸ்போர்ட்டில் கொட்டாவியை அடக்கிய முகத்தோடு இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஆய்வுக்குழு வருகிற நாள் காலையில் மூன்றாவது வளைவுக்குப் போய் கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்தார். பள்ளத்தாக்கு, பனி, கல்சுவர் எல்லாம் அம்சமாக இருந்தன. நட்டநடுவில் ஒரு இரும்புக் கம்பமும், அதன் உச்சியில் எதிரே வரும் வண்டியைக் காட்டுகிற வட்டக் கண்ணாடியும். எங்கே நின்று எடுத்தாலும் படத்தில் துருத்திக்கொண்டு வந்தது. ஸ்பேனரால் நட்டுகளைக் கழற்றி, கம்பத்தோடு இறக்கிப் பக்கத்துப் புதருக்குள் படுக்க வைத்தார். குழு போனதும் மாட்டிவிடலாம், அதற்குள் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று நினைத்தார்.

குழுவின் தலைவரம்மா அதே இடத்தில் இறங்கி நின்றார். "அடேயப்பா, கண்ணை உறுத்துற மாதிரி ஒரு கம்பிகூட இல்லையே!" என்றார். ஸ்டுடியோக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஜோரிலேயே அவர்களோடு சாப்பிடப் போனார். பேச்சு நீண்டது, அதில் முக்கால்வாசி இவருடையதுதான். கண்ணாடி நினைவுக்கு வந்ததே போன் அடித்தபோதுதான்.

மூன்றாவது வளைவில் பால்வண்டி சுவரில் மோதிவிட்டது. ஓட்டியவர் அவருடைய தங்கச்சியின் கணவர். திடீரென்று எதிரே வந்த பைக்கைக் காப்பாற்ற ஸ்டியரிங்கை ஒடித்திருக்கிறார். பைக் ஓட்டியவனுக்குச் சிராய்ப்புகூட இல்லை. மாப்பிள்ளையின் முழங்கால் நொறுங்கிவிட்டது, சுவரில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை.

ஸ்டுடியோக்காரர் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் கிளம்பியிருந்தது. கூட்டமும் அதன் பின்னாலேயே போய்விட்டது. அடிபட்டவரைத் தூக்குகிற பதற்றத்தில் கம்பம் இல்லாததை யாரும் கவனிக்கவில்லை. போலீஸ் இன்னும் வரவில்லை. மனுஷனாகப் பிறந்தவன் அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுவான். இவர் புதருக்குள் ஓடினார். கம்பத்தை நிறுத்தி, நட்டுகளை முடுக்கினார். போகிற போக்கில் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துவேறு வைத்தார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாப்பிள்ளை திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார். "கண்ணாடியத்தான் பாத்தேன். அங்க வெறும் வானம்தான் தெரிஞ்சுது."

"நாங்க பாத்துட்டுதான் வர்றோம். கண்ணாடி பளபளன்னு இருக்கு. நீங்க கண்ணசந்துட்டீங்க" என்றார் போலீஸ்காரர்.

மாப்பிள்ளை ஸ்டுடியோக்காரரைப் பார்த்தார். "காலையில அங்கதான இருந்தீங்க மச்சான். கண்ணாடி இருந்துச்சா?"

கட்டிலின் மறுபக்கம் தங்கச்சியும் அண்ணன் வாயையே பார்த்தபடி நின்றாள்.

"இருந்துச்சு மாப்பிள்ளை."

தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வெளியே வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. அன்று முதல் கூனிக்குறுகிப் போனார். சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பார். இப்போது சொன்னால் பட்டம் கைநழுவிவிடும், வந்த பிறகு சொல்லலாம் என்று தினமும் தள்ளிப்போடுவார். உடைந்த சுவரை அதே கற்களால் கட்டி முடித்தார்கள். மாப்பிள்ளையின் காலும் ஒருவழியாகக் கூடியது. ஆனால் அவர் வண்டிச் சாவியைத் தொடவில்லை.

"கால் பரவாயில்லண்ணா. தன் கண்ணையே நம்ப முடியலங்கிறார். ரோட்டைத் தாண்டறதுக்குக்கூட வண்டி வருதா, வருதான்னு என்னைக் கேட்டுட்டு நிக்கிறார்" என்றாள் தங்கச்சி ஒருநாள். அதன் பிறகு ஸ்டுடியோக்காரர் அந்த வீட்டுப் பக்கமே தலைகாட்டவில்லை.

பட்டம் வந்தது. மூன்றாவது வளைவிலேயே மேடை போட்டார்கள். இன்றைக்கு மைக்கைப் பிடித்ததும் முதல் வேலை கண்ணாடி விஷயத்தைச் சொல்வதுதான் என்று ஸ்டுடியோக்காரர் உண்மையாகவே முடிவு செய்திருந்தார். அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய் மைக் முன்னால் நின்று, தொண்டையைச் செருமினார்.

அதற்குள் முன்வரிசையிலிருந்து மாப்பிள்ளை கோலை ஊன்றி எழுந்து வந்தார். "மச்சான், ஒரே நிமிஷம்" என்று மைக்கை வாங்கிக்கொண்டார்.

"தூக்கக் கலக்கத்துல இந்தச் சுவத்தை இடிச்சவன் நான்தான். கண்ணாடி மேல பழியப் போட்டேன், அதுவும் தப்பு. எங்க மச்சான் வருஷக்கணக்கா பட்ட பாட்டை ஒரு நிமிஷத்துல நாசமாக்கப் பாத்தேன். அப்பவும் அவர் என்னை ஒரு வார்த்தை திட்டல. எல்லாரும் என்னை மன்னிக்கணும். முக்கியமா அவர் மன்னிக்கணும்."

கூட்டம் கைதட்டியது. தலைவரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாப்பிள்ளை மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஸ்டுடியோக்காரருக்கு உடம்பெல்லாம் கூசியது. பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஏதாவது சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளையின் தோளில் கையைப் போட்டார்.

"அட விடுங்க மாப்பிள்ளை, அதை நான் எப்பவோ மறந்துட்டேன்" என்று மைக்கில் சொன்னார்.