ஆம்பளக் குட்டி

ஹாலின் வெள்ளை மொசைக்கில் டிவி ஸ்டாண்டிலிருந்து சமையல்கட்டு வாசல் வரைக்கும் விட்டு விட்டுச் சில சொட்டுகள். கூட்டிக்கொண்டிருந்த ரெங்கநாயகி முதலில் குங்குமம் சிந்தியிருக்கிறது என்றுதான் நினைத்தாள். துடைப்ப நுனியால் தொட்டாள். கோடாக இழுபட்டது.

“ஐயையோ, ராஜாவுக்குக் கால்ல ஏதாச்சும் கிழிச்சிடுச்சாடி?”

பால் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மருமகள் மைதிலி, கை நுரையோடு எட்டிப் பார்த்தாள். ராஜா சோபாவுக்கு அடியில் சுருண்டு கிடந்தது. பின்னங்காலை அகட்டி, வெகு மும்முரமாகத் தன்னையே நக்கிக்கொண்டிருந்தது. மைதிலி அந்தச் சொட்டுகளை இன்னொரு முறை பார்த்தாள். இன்றைக்கா? இத்தனை மாதம் இருந்துவிட்டு இன்றைக்குத்தானா?

“கணேசுக்குப் போனப் போடு. நாய் டாக்டரக் கையோட கூட்டிட்டு வரச் சொல்லு. புள்ளைக்கு எங்க காயம்னே தெரியலையே.”

மைதிலி போனை எடுக்கவில்லை. கை கழுவுகிற சாக்கில் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

ராஜா இந்த வீட்டுக்கு இரண்டாவது நாய். முதல் நாய் பிங்கி இப்போது கிழமாகிக் கொல்லைப்பக்கம் குளியலறைச் சுவரோரம் கிடக்கிறது. பிங்கி இரண்டு முறை குட்டி போட்டது. இரண்டு முறையும் கண் திறக்காத குட்டிகளை சிமெண்ட் சாக்கில் அள்ளிப்போட்டுக் கொள்ளிடக் கரை நாணலில் விட்டுவிட்டு வந்தான் ரெங்கநாயகியின் மகன் கணேஷ்குமார். இரண்டாவது முறை மைதிலி கல்யாணமாகி வந்த புதிது. பைக்கில் பின்னால் உட்கார வைத்து, “கெட்டியாப் பிடிச்சுக்க, விழுந்துறப்போகுது” என்று சாக்கை அவள் மடியில் வைத்தான். என்னவோ விழுந்தால் அடிபட்டுவிடும் என்பதுபோல. மடியில் அது கதகதவென்று இருந்தது. உள்ளே ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அவள் தொடையை முட்டி முட்டி எதையோ தேடின. திரும்பி வரும் வழியில் அவளுக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தான். அவளும் குடித்தாள். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் அவளுக்குக் குமட்டும்.

அப்புறம் பிங்கிக்கு ஆபரேஷன் செய்தார்கள். அதற்கப்புறம் அது குரைப்பதையே விட்டுவிட்டது. காவலுக்கு இன்னொன்று வேண்டும் என்று பேச்சு வந்தபோது ரெங்கநாயகி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வைத்தே சொன்னாள்.

“ஆம்பளக் குட்டியாப் பாருப்பா. பொட்ட வேணாம். இந்த வீட்டுல ஒண்ணு பெத்துப் பெத்து உசுர வாங்குச்சு, ஒண்ணு பெறாம உசுர வாங்குது.”

கணேஷ்குமார் சிரித்தான். அவன் கெட்டவன் இல்லை, சிரிப்பு வந்தது, சிரித்தான். மைதிலி அவன் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

குட்டி எடுக்க உறையூர் போனார்கள். கணேஷ்குமாரோடு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் வேலை பார்க்கிற ஆசீர் வீட்டில் அவன் நாய், பொமேரியன் கலப்பு, ஈன்றிருந்தது. போன் வந்ததால் கணேஷ்குமார் வாசலிலேயே நின்றுவிட்டான். “நீ போய் எடு. ஆம்பளையாப் பாத்து எடு, என்ன?” என்றான். உள்ளே ஆசீர் அட்டைப்பெட்டியைத் திறந்தான். நல்ல கடுவன்களை முன்பே கொண்டுபோய்விட்டார்கள். இவர்களுக்கென்று நிறுத்தி வைத்த கடுவன் ஒன்று, மிச்சமெல்லாம் பெண். “இதுகள நாளைக்கு காந்தி மார்க்கெட் பக்கம் விட்டுருவேன் சிஸ்டர். அழுகுன காய்கறியத் தின்னு பொழைச்சுக்கும்” என்றான். அதில் ஒன்று மைதிலியின் புடவைத் தலைப்பைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. தூக்கினாள். அடிவயிற்றில் புஸ்ஸென்று ஒரு சின்ன மேடு.

“அது பொட்ட, சிஸ்டர். அங்க இருக்கறது தொப்புள் வீக்கம்.”

“தெரியுது. அவர் கேட்டா ஆம்பளன்னு சொல்லுங்க.”

ஆசீர் வாசலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “மாட்டுனா என்னைய இழுக்காதீங்க” என்று மட்டும் சொன்னான்.

கணேஷ்குமார் குட்டியை அந்தரத்தில் தூக்கி, அந்த மேட்டை விரலால் சுண்டிப் பார்த்து, “பாத்தியா, சிங்கம்டா நீ!” என்றான். அவ்வளவுதான் பரிசோதனை. ராஜா என்று பெயர் வைத்தான். ரெங்கநாயகி ஆசாரம் பார்க்கிறவள் என்பதால் நாயைத் தொட மாட்டாள். குளிப்பாட்டுவது மைதிலி. முடியும் அடர்ந்து வளர்ந்து எல்லாவற்றையும் மூடிக்கொண்டது.

பிறகு நடந்ததைத்தான் மைதிலியால் நம்ப முடியவில்லை. பிங்கிக்கு ஒருநாளும் கிடைக்காத ஹால், ஃபேன் காற்று, அவித்த முட்டை. ரெங்கநாயகி சாமிக்குப் படைத்த பாலைத் தள்ளி நின்று ஊற்றுவாள். “அவன் வந்தப்புறம்தான் வீடு வீடா இருக்கு” என்பாள். உட்கார்ந்துகொண்டே மூத்திரம் பெய்தால், “குழந்தைதானே, இன்னும் காலத் தூக்கத் தெரியல” என்பாள். மைதிலி சமையல்கட்டில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பாள். ஒவ்வொரு டம்ளர் பாலும் இவர்கள் கன்னத்தில் விழுகிற அறை. நாய் மேல் பாசமா, இவர்கள் மேல் வஞ்சமா என்று அவளே யோசித்ததுண்டு. இரண்டும் ஒன்றாகப் பிசைந்து கிடந்தது. பிரிக்க வரவில்லை.

இப்போது போனை எடுத்தால் டாக்டர் வருவார். காலைத் தூக்கிப் பார்த்த நிமிஷமே சிரித்துவிடுவார். நாளைக்குக் காலையில் அதே பைக், அதே சாக்கு. குட்டியைவிடக் கனமாக இருக்கும், அவ்வளவுதான்.

“காது கேக்கலையாடி? போனப் போடுங்கறேன்.”

“ராஜாவுக்கு ஒண்ணுமில்ல அத்தை.” குழாயை மூடினாள். “அது எனக்குத்தான்.”

ரெங்கநாயகியின் கையிலிருந்து துடைப்பம் விழவில்லை. இன்னும் இறுகியது. மைதிலிக்கு நாள் தள்ளிப்போயிருந்தது அவளுக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கொஞ்ச நாளாய்த் தண்ணீர்க் குடத்தைத் தூக்க விடாமல் தடுத்தாள், சாத்தாரத் தெருவிலிருந்து பூ வாங்கிவந்து தன் கையாலேயே வைத்துவிட்டாள். இன்று வெள்ளிக்கிழமை, மகனோடு தாயார் சன்னதிக்குப் போய் வேண்டிக்கொள்வதாக இருந்தாள். அந்தப் பூவைத்தான் இப்போது முதலில் பார்த்தாள்.

“கழட்டு அதை.”

மைதிலி கழற்றினாள்.

“ஹாலு பூரா சிந்தறது கூடத் தெரியாம நிக்கிற? நாயி கூட சுத்தபத்தமா ஒரு மூலையில கெடக்குது. போ, கொல்லைக்குப் போ. பிங்கிக்குத் துணையா இரு. ரெண்டுக்கும் ஒரே ராசி.”

மைதிலி பாயை எடுத்துக்கொண்டு போனாள். குளியலறையில் சீயக்காய் டப்பாவுக்குப் பின்னால், காலையில் அவள் காகிதத்தில் சுற்றி ஒளித்துவைத்த கிட் அப்படியே இருந்தது. பிரித்துப் பார்த்தாள். இரண்டு கோடு. அழுத்தமான இரண்டு கோடு. சாயங்காலம் கணேஷ்குமார் வந்ததும் சொல்லலாம் என்று இருந்தாள். ஒரு பகல் மட்டும் தனக்கென்று வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தாள். ஆணா பெண்ணா என்று அந்தக் கோடுகள் சொல்லவில்லை. திரும்பச் சுற்றி அதே இடத்தில் வைத்தாள். வெளியே வந்து பிங்கியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிங்கி ஒரு கண்ணை மட்டும் திறந்து மூடிக்கொண்டது.

சாயங்காலம் கணேஷ்குமார் வந்தான். உள்ளே அம்மாவும் மகனும் குசுகுசுவென்று பேசுவது கேட்டது. அவன் கொல்லைக்கு வரவில்லை. குளித்து, சன்னதிக்குப் போக வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, அம்மா தயாராகும் வரை ஹாலில் தரையிலேயே உட்கார்ந்தான். கொல்லைக் கதவு வழியாக மைதிலிக்கு அவன் முதுகும் பாதி மடியும் தெரிந்தன.

“வாடா ராஜா. வாடா என் தங்கம்.”

ராஜா வாலை ஆட்டிக்கொண்டு அவன் மடியில் ஏறிச் சுருண்டது.

“இனிமே நீதான்டா இந்த வீட்டு வாரிசு. வேற வழி?”

“அப்படிச் சொல்லாதப்பா” என்று உள்ளிருந்து ரெங்கநாயகியின் குரல் உடைந்தது. “அவனாச்சும் இருக்கானே நமக்கு.”

வாசலில் தெருநாய் ஒன்று வந்து கேட்டருகே உட்கார்ந்தது. மூக்கை மேலே தூக்கிக் காற்றை இழுத்தது. அடுத்தது வந்தது. அதற்குப் பின்னால் செவலை ஒன்று, காது அறுந்த கறுப்பு ஒன்று. ஒன்றும் குரைக்கவில்லை. கல்யாண வீட்டு வாசலில் பந்திக்குக் காத்திருப்பவர்களைப்போல வரிசையாக உட்கார்ந்துகொண்டன.

“என்னடா இது, இன்னைக்கு ஊரு நாயெல்லாம் நம்ம வாசல்ல?” கணேஷ்குமார் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே ராஜாவின் காதை இதமாகச் சொறிந்துவிட்டான். அது கண்ணை மூடிச் சொக்கிக் கிடந்தது. அதன் வாலுக்குக் கீழே, புது வேட்டியில், ஒரு பொட்டு மெதுவாகப் பெரிதாகிக்கொண்டிருந்தது.