வால்வு நின்ற இடம்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் 'பூங்காவனம் சைக்கிள் கடை' என்று போர்டு தொங்கியது. பஞ்சர் ஒட்ட வருகிறவர்கள் உண்டு. பூங்காவனத்திடம் யோசனை கேட்க ஒரு ஈ காக்கை வராது. பொம்பளைக்குச் சைக்கிளில் என்ன தெரியும் என்பது ஊர் நினைப்பு. அவளுக்கு அதில் தீராத எரிச்சல்.

1999 பொங்கலுக்கு முன்னால், லப்பைக்குடிகாட்டு கவுஸ் துபாயிலிருந்து இரண்டு பழைய ரேஸ் சைக்கிள்களைக் கொண்டுவந்து விற்பதற்காக அவள் கடையில் நிறுத்தினார். இரண்டும் ஒரே கம்பெனி. சிவப்பு, இருப்பதிலேயே உசந்த மாடல். சட்டத்தில் தங்க எழுத்து மின்னியது. பச்சை கடைசித் தர மாடல், பெயின்ட் வேறு உரிந்து சொறி பிடித்தாற்போல் இருந்தது.

பொங்கல் சைக்கிள் ரேஸில் மூன்று வருஷமாக ஜெயித்துவந்த எறையூர் அருள்முருகன் நேராகச் சிவப்பின் மேல் கை வைத்தான்.

"சட்டம் உசத்திதான் தம்பி. மத்த சாமானையெல்லாம் யாரோ கழட்டிட்டு மட்டமா மாட்டியிருக்காங்க. பச்சைய எடுத்துக்க" என்றாள் பூங்காவனம்.

சொன்னதோடு விடவில்லை. இரண்டையும் தூக்கி முன்சக்கரத்தைச் சுழற்றிக் காட்டினாள். பச்சையின் சக்கரம் வெகுநேரம் சுற்றி, ஓயும்போது ஊஞ்சல்போல ஆடி, காற்றடிக்கும் வால்வு அடியில் வந்து நின்றது. சிவப்பின் வால்வோ பாதி வழியிலேயே அப்படியே நின்றுவிட்டது.

"வால்வு கனத்துக்கே உருளுது பாரு, சக்கரத்து நடுவுல இருக்கற ஹப்பு நல்லதுன்னு அர்த்தம். சிவப்புல பெடல் தண்டும் ஆப்பு அடிச்சு நிக்குது. மிதிக்க மிதிக்க லூஸாயிடும்."

"கம்பெனிக்காரனுக்கே பாடம் நடத்துவீங்க போலயே அக்கா!" என்று சொல்லிச் சிவப்பையே விலை பேசி வாங்கினான் அவன். சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

பூங்காவனத்துக்குச் சுருக்கென்றது. "பச்சைய நானே ஓட்டுறேன். தோத்தா இந்தப் போர்டைக் கழட்டிடறேன்."

"யா அல்லா, ஏம்மா இந்த வம்பு?" என்றார் கவுஸ். சொன்னபிறகு அவளுக்கும் அது வம்பாகத்தான் பட்டது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

மாட்டுப் பொங்கலன்று காலையில் பெரம்பலூரில் கொடி அசைந்தது. எல்லை அரியலூர். பாதி தூரம்வரை அருள்முருகனின் முதுகைத்தான் பார்த்தாள். போர்டு போய்விடுமோ என்று இன்னும் குனிந்து மிதித்தாள். அதற்குப்பின் சிமெண்ட் லாரிகள் குதறிப்போட்ட ரோடு வந்தது. அவன் பெடலிலிருந்து 'கடக், கடக்' என்று சத்தம் கேட்க ஆரம்பித்தது. அவன் எழுந்து நின்று மிதித்தான்; பாதி மிதி வீணாய்ப் போயிற்று. பச்சையோ மிதிப்பதை நிறுத்தினாலும் வழுக்கிக்கொண்டு போனது. அவனைத் தாண்டும்போது பூங்காவனம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எட்டி மிதித்தாள்.

அரியலூருக்கு அவள்தான் முதலில் வந்தாள்; வெடி வெடித்தார்கள். அவள் கைப்பிடியை விட்டு இரண்டு கையையும் தூக்கி, தொண்டை கிழியக் கத்தினாள். இத்தனை வருஷ எரிச்சலும் அந்தக் கத்தலில் போயிற்று.

மறுநாள் காலை கடை திறக்குமுன்பே அருள்முருகன் சிவப்பைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றான்.

"இதுக்கு நல்ல சாமானாப் பாத்து மாட்டிக் குடுங்கக்கா."

"மேல என்ன எழுதியிருக்கு, படி."

"பூங்காவனம் சைக்கிள் கடை."

"பஸ் ஸ்டாண்டுல இருக்கறவங்களுக்குக் கேக்கலையே" என்றாள்.

அவன் சிரித்துவிட்டு, கேட்கும்படி படித்தான்.